ஒரு காபி கிரைண்டருக்குள் இவ்வளவு அதிசயமா? தெரியுமா உங்களுக்கு?

வீட்டில் எஸ்பிரஸோ போட ஆசையா? மெஷின் விலையை விசாரிக்கும் முன் இதைப் படியுங்கள்!

எஸ்பிரஸோ மெஷின் தூளின் மேல் தண்ணீரை எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறது தெரியுமா? 9 பார்! 300 அடி ஆழத்தில் தண்ணீர் எப்படி அழுத்துமோ, அப்படி! நம் வைகை அணை முழுசாக நிரம்பினாலே 71 அடிதான். அதைவிட நாலு மடங்குக்கும் மேல்! அத்தனையையும் தாங்குவது வெறும் 18 கிராம் காபித்தூள்! 25 முதல் 30 வினாடி தாக்குப்பிடித்து, சுமார் 36 கிராம் காபியை இறக்க வேண்டும். தூள் கொஞ்சம் பருமனா? தண்ணீராய்க் கொட்டிவிடும்! ரொம்ப நைஸா? சொட்டுச் சொட்டாகக்கூட இறங்காது! இதைத் தீர்மானிப்பது மெஷின் இல்லை, கிரைண்டர்!

அந்த 18 கிராமில் எத்தனை கொட்டை இருக்கும்? ஏறத்தாழ 130! இசைமேதை பீத்தோவன் ஒரு கப்புக்கு 60 கொட்டை எண்ணிப் போடுவார் என்று அவருடைய உதவியாளர் ஷிண்ட்லர் எழுதி வைத்திருக்கிறார். நாம் அவரை இரண்டு மடங்கு தாண்டிவிட்டோம்!

மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா? ஆகவே ஆகாது! மிக்ஸி பிளேடு நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கும் மேல் சுழன்று கண்டபடி வெட்டும். பாதி மாவு, பாதி நொய்! பர் கிரைண்டர் அப்படியில்லை. பல் வைத்த இரண்டு எஃகு வட்டுகளுக்கு இடையே கொட்டையை விட்டு நசுக்குகிறது. சுமார் 1,400 சுற்றே போதும்! அந்த இடைவெளியை எவ்வளவு நுணுக்கமாக மாற்றலாம் தெரியுமா? 1இசட்பிரஸோ ஜே-அல்ட்ரா என்ற கை கிரைண்டரில் ஒரு 'கிளிக்' வெறும் 0.008 மில்லிமீட்டர்!

கார் தயாரிக்கும் பியூஜோ தெரியுமல்லவா? 1840-லேயே காபி மில் செய்து விற்ற குடும்பம் அது! முதல் கார் வந்ததோ 1889-ல்!

அரைத்த தூள் கிரைண்டர் முழுக்க ஒட்டிக்கொள்கிறதா? உராய்வில் மின்னேற்றம்! இதை ஆராய்ந்தவர்கள் யார் என்று சொன்னால் நம்புவீர்களா? எரிமலைச் சாம்பலில் மின்னல் பிறப்பதை ஆராய்பவர்கள்! அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து 2023-ல் அவர்கள் உறுதிசெய்த மருந்து என்ன? அரைக்கும் முன் கொட்டையில் சில துளி தண்ணீர்! அவ்வளவுதான்!

இன்னொன்று கேளுங்கள்! 2016-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு காபிக் கொட்டையைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்து அரைத்தது. தூள் இன்னும் நைஸாக, இன்னும் சீராக வந்தது! சித்திரை வெயிலில் நம் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது: காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்து, எடுத்த கையோடு அரைப்பது.

கொட்டைக்கு எங்கே போவது? தூரமே இல்லை! பழனி மலைத்தொடரின் தாண்டிக்குடியில் காபி விளைகிறது. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது!

கடையில் அரைத்த ஃபில்டர் தூளையே போடலாமே என்கிறீர்களா? ஃபில்டரில் வெந்நீர் தானாக இறங்குகிறது. 9 பாரை அடக்கும் வேலை அந்தத் தூளுக்குக் கிடையாது! சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கச் சட்டமே இடம் தருகிறது, தெரியுமா? டிகாஷனுக்கு அது அருமை, நானும் விரும்பிக் குடிப்பேன். எஸ்பிரஸோவுக்கு சிக்கரி கலக்காத, புதிதாய் வறுத்த கொட்டையைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கருக வறுத்தது வேண்டாம், கிரைண்டரின் பல்லில் அப்பிக்கொள்ளும்!

முடிவாக எதை வாங்குவது? ஒன்றிரண்டு பேர் குடிக்கும் வீட்டுக்கு எஸ்பிரஸோவுக்கென்றே நுண்ணிய கிளிக் வைத்த கை கிரைண்டர் போதும். கரண்ட் போனாலும் அரைக்கலாம், ஒரு நிமிடம்தான்! தினம் ஐந்தாறு கப் போகிற வீடா? 64 மில்லிமீட்டர் தட்டை வட்டு வைத்த மின் கிரைண்டரைப் பாருங்கள். கையில் இருப்பது குறைந்த தொகைதானா? மெஷினில் குறையுங்கள், கிரைண்டரில் குறைக்காதீர்கள்!