ஏரி தோண்டும் யந்திரமும் அதன் எண்ணெயும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்திலுள்ளது போன்ற ஏரிகளில், மண்வெட்டியும் கூடையும் செய்துவந்த தூர்வாரும் வேலையை இப்பொழுது பொக்லைன் யந்திரம் செய்கின்றது. அதன் கரத்தை அசைப்பது குழாய்களில் அழுத்தப்பட்ட எண்ணெயே. 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே இதற்கு ஆதாரம்.

அவ்வெண்ணெய்க்குப் பெரும்பகை கோடைக்காலத்து ஏரிப்புழுதி. கண்ணுக்குப் புலப்படாத துகளும் பம்பையும் வால்வையும் அராவிவிடும். ஆதலின் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறக்குமுன் நன்கு துடைத்தலும், வடிகட்டியைக் காலந்தவறாது மாற்றுதலும் அவசியம். இதனை வீண்வேலையென்று எண்ணுவோர், பம்பின் விலையை விசாரித்துப் பார்ப்பாராக.

குழாயில் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. 200 வளிமண்டல அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் எறும்புக்கடிபோல் சிறிதாயினும், உடனே ரணவைத்தியரிடம் செல்லாவிடில் விரலையே இழக்க நேரிடும். தேடுவதற்கு அட்டைத்துண்டே போதும். கண்டபின், வாளியைத் தரையிலிறக்கி, யந்திரத்தை நிறுத்தி, அழுத்தம் முற்றும் தணிந்த பின்னரே குழாயைக் கழற்றல் வேண்டும்.