முற்றம் எங்கே போயிற்று?

குச்சி, கூழாங்கல், விதை, களிமண். இவற்றை வைத்தே குழந்தைகளுக்குக் கற்பிக்க முடியும் என்று காட்டினார்கள் இரண்டு பெண்கள். அவர்கள் வைத்த பெயர் நாடெங்கும் பரவியது. அவர்கள் செய்த வேலை அந்த அளவு பரவவில்லை.

மராத்தியில் ‘அங்கண்’ என்றால் முற்றம். தமிழில் நாம் மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்ட ‘அங்கன்வாடி’ என்ற சொல்லுக்குள் அந்த முற்றம்தான் இருக்கிறது. இன்று இந்தியாவில் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள். அவற்றில் எத்தனைக்கு முற்றம் உண்டு என்பது வேறு கேள்வி. நகரங்களில் பல மையங்கள் ஒற்றை வாடகை அறையில் நடக்கின்றன. ஒரு மூலையில் தானிய மூட்டை, இன்னொரு மூலையில் எடை பார்க்கும் கருவி, நடுவே பாயில் குழந்தைகள். சுவரில் மாம்பழத்தின் படம். வெளியே நிஜ மாமரமே நின்றாலும் பாடம் என்னவோ படத்திலிருந்துதான்.

பெயரைத் தொலைத்ததில் நாம் முதல்வர்கள் அல்ல. ‘கிண்டர்கார்டன்’ என்றால் ஜெர்மன் மொழியில் குழந்தைகளின் தோட்டம். 1840-ல் அந்தப் பெயரைச் சூட்டிய ஃப்ரோபெல், குழந்தைகளுக்கு நிஜமாகவே பாத்தி ஒதுக்கிச் செடி வளர்க்கவிட்டார். இன்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்லும்போது அதிலுள்ள ‘ஜி’ தோட்டத்தைக் குறிக்கிறது என்பது எந்தப் பெற்றோருக்கு நினைவிருக்கும்?

அங்கன்வாடியின் கதை பாவ்நகரில் தொடங்குகிறது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் வந்தவர் கீஜுபாய் பதேகா. 1920-ல் அவர் தொடங்கிய பாலமந்திர் மாண்டிசோரி முறையைக் குஜராத்தி மண்ணுக்கு ஏற்ப வளைத்தது. அடியும் மனப்பாடமும் இல்லாத அந்தப் பள்ளியால் ‘மீசை வைத்த அம்மா’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. ராஜ்கோட்டில் பெண்கள் கல்லூரி முதல்வராக இருந்த தாராபாய் மோடக் அவருடன் வந்து சேர்ந்தார். மரியா மாண்டிசோரியே இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாறில் பயிற்சி வகுப்பு நடத்தியது அதற்கெல்லாம் பிறகு, 1939-ல்.

தாராபாயை ஓர் எளிய கணக்கு உறுத்தியது. மாண்டிசோரியின் கருவிகள் துல்லியமானவை. ‘இளஞ்சிவப்புக் கோபுரம்’ என்பது பத்து மரக் கட்டைகள். மிகச் சிறியது 1 சென்டிமீட்டர், மிகப் பெரியது 10 சென்டிமீட்டர். இழைத்து, வண்ணம் பூசி, அலமாரியில் அடுக்கி வைக்க வேண்டிய பொருள். வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்குச் சரி. வயலில் கூலிக்குப் போகிறவளின் குழந்தைக்கு?

பதில் தேடி 1945-ல் அவர் பம்பாய்க்கு வடக்கே, குஜராத் எல்லையை ஒட்டியுள்ள போர்டி என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 53. துணைக்கு வந்த அனுதாய் வாக்குக்கு 35. பதின்மூன்று வயதில் மணமுடிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே விதவையாகி, பிறகு படித்து ஆசிரியையானவர் அனுதாய். இன்று சப்போட்டாப் பழத்துக்குப் பெயர்போன வட்டாரம் அது. அன்று அங்கே பேச்சு பழத்தைப் பற்றியதல்ல. அதே 1945-ல்தான் கொத்தடிமை முறைக்கு எதிராக வார்லி பழங்குடியினர் கோதாவரி பருலேகர் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள்.

பள்ளியைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் வரவில்லை. வராததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. பெரிய பிள்ளை மாடு மேய்க்கப் போகும். அடுத்தது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும். கடைக்குட்டியைக் கொண்டுவந்து விட ஆளில்லை. ஆகவே ஆசிரியைகளே குடியிருப்புக்குப் போய், ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்தார்கள். முற்றத்துப் பாலர் பள்ளி, அதாவது அங்கன்வாடி, இப்படித்தான் வந்தது. திட்டக் கமிஷன் உட்கார்ந்து யோசித்த பெயரல்ல அது.

1957-ல் வேலை பக்கத்திலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கே இன்னும் ஒரு படி போனார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் நிலத்துக்கே பள்ளி நடந்தது. ‘குரண்’ என்றால் மராத்தியில் புல்வெளி. அந்தப் பள்ளிக்குப் பெயர் ‘குரண்சாலை’. குன்றின் மேல் ‘விகாஸ்வாடி’ என்ற பெயரில் குழந்தைகள் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றும் ஒரே இடத்தில் இயங்கின. தம்பியை ஒரு பக்கம் விட்டுவிட்டு அக்கா மறுபக்கம் படிக்கலாம். இன்றைக்கும் பெண் கல்வி பற்றிப் பேசும் பல கருத்தரங்குகள் தொடாத இடம் இது.

கருவிகளுக்கு என்ன செய்தார்கள்? சுற்றிலும் கிடந்ததை எடுத்துக்கொண்டார்கள். கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை, பூ, குச்சி, களிமண்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பொறுக்கிக் குவிப்பதால் மட்டும் பாடம் வந்துவிடாது. இளஞ்சிவப்புக் கோபுரம் குழந்தைக்குக் கற்றுத் தருவது ‘இது பெரிது, இது அதைவிடப் பெரிது’ என்ற வரிசையை. வேலியோரக் குச்சிகள் பத்தை வெவ்வேறு நீளத்தில் ஒடித்துக் கொடுத்தால் அதே வரிசை கைக்கு வந்துவிடும். குச்சிகளின் அடியை ஒரே கோட்டில் வைக்காவிட்டால் குட்டையானதும் நெட்டையாகத் தெரியும். சொல்லித் தராமலே நான்கு வயதுப் பிள்ளை இதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னால் அது வகைப்படுத்தல். ஒரு சிவப்புப் பூ, இரண்டு வெள்ளைப் பூ, மறுபடி ஒரு சிவப்பு என்று கோக்கச் சொன்னால் அது கணிதத்தின் முதல் பாடம். காலையில் ஒரு பிள்ளையின் நிழலைக் கரித்துண்டால் வரைந்து வைத்து, சாப்பாட்டு நேரத்தில் அதே இடத்தில் நிற்க வைத்தால் நிழல் சுருங்கியிருக்கும். ஏன் என்று ஆசிரியை கேட்க வேண்டியதில்லை. பிள்ளையே கேட்கும்.

களிமண் தனி விஷயம். மூன்று வயதுக் குழந்தைக்குப் பென்சில் பிடிக்கும் பலம் விரல்களில் இல்லை. மண்ணைப் பிசைந்து, உருட்டி, திரித்து, கிள்ளி வைக்கும் விரல்களுக்குத்தான் அந்தப் பலம் ஏறும். எழுத்துப் பயிற்சிக்கு முந்தைய எழுத்துப் பயிற்சி அது. பாம்பும் உருண்டையும் செய்த பிள்ளை சிலேட்டில் வளைவு போடச் சிரமப்படாது.

எச்சரிக்கையும் வேண்டும். அழகாக இருக்கிறது என்று குன்றிமணியைக் கொடுக்கக் கூடாது. ஆமணக்கு விதையும் ஆகாது. இரண்டும் விஷம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் சிறு விதைகளை மூக்கிலும் காதிலும் செருகிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பெரிய கல், தேங்காய்ச் சிரட்டை, சோளக்கதிரின் சக்கை போதும். இதெல்லாம் ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘செலவில்லாக் கல்வி’ என்று பாராட்டுகிறவர்கள் கவனிக்காத செலவு இதுதான்: பயிற்சி பெற்ற ஓர் ஆள்.

1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர் வைத்தார்கள். தாராபாய் அதைப் பார்க்கவில்லை, 1973-லேயே காலமாகிவிட்டார். அனுதாய் 1992 வரை இருந்தார். ஊட்டச்சத்து, தடுப்பூசி, எடை, கர்ப்பிணிகள் கவனிப்பு, இவற்றோடு முன்பருவக் கல்வி என்பது அரசின் பட்டியல். பசியும் நோயும் முதலில் தீர வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் ஒரே பணியாளர், ஒரே உதவியாளர். சமைத்து, பரிமாறி, எடை பார்த்து, வீடு வீடாகப் போய், பதிவேட்டை நிரப்பி, 2021-லிருந்து செல்போன் செயலியிலும் ஏற்றிய பிறகு மிச்சமிருக்கும் நேரம்தான் கல்விக்கு. மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் தம் பங்குக்குச் சேர்த்துத் தருகின்றன. இத்தனைக்கும் நடுவில் அவர் குச்சி ஒடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பது சுலபம்.

பெற்றோரும் இன்னொரு பக்கம் இழுக்கிறார்கள். பக்கத்துத் தெரு ஆங்கிலப் பள்ளியில் மூன்றரை வயதில் வீட்டுப்பாடம். அங்கன்வாடியிலோ பிள்ளை கையில் மண். எது படிப்பு என்று ஏழைத் தாய்க்குத் தோன்றும்? பணக்காரப் பள்ளிகள் இதற்குள் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டன. ‘இயற்கையோடு கற்றல்’ என்று விளம்பரம் செய்து, மண்ணில் விளையாட விடுவதற்கும் கட்டணம் வாங்குகின்றன.

இந்த இழுபறிக்கு வெளியே நின்று வேலை செய்தவர்களும் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அர்விந்த் குப்தா, 1978-ல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் (இப்போது நர்மதாபுரம்) பள்ளிகளுக்கு வந்தார். வாரச் சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்வு டியூப். சிறு துண்டுகளாக வெட்டி இரு முனையிலும் தீக்குச்சி செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சியில் முக்கோணம்: அசையாது. நான்கு குச்சியில் சதுரம்: தொட்டால் சாயும். பாலம் கட்டுகிறவர்கள் ஏன் முக்கோணத்தை விடுவதில்லை என்பது ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அவருக்குப் பாதை காட்டிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தை, ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தபோதே, 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

இப்போது காற்று மறுபடி இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2020 கல்விக் கொள்கையும், 3 முதல் 8 வயது வரையிலானவர்களுக்கான 2022 பாடத்திட்ட வரைவும் விளையாட்டு வழியாகவே கற்பிக்கச் சொல்கின்றன. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு ‘ஜாதுயி பிடாரா’ என்ற மாயப்பெட்டியை வெளியிட்டது. பொம்மை, புதிர், கைப்பாவை, படக்கதை, அட்டை எல்லாம் அதில் உண்டு. நல்ல பெட்டிதான். பெட்டிக்கு நம் அலுவலகங்களில் நேரும் கதி மட்டுமே கவலை தருகிறது. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்ததும் அது பீரோவுக்குள் போய், மேலதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வரும். கூழாங்கல்லுக்கு அந்த ஆபத்து இல்லை. யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

இரண்டு லட்சம் மையங்களை ‘சக்ஷம் அங்கன்வாடி’களாகத் தரம் உயர்த்தும் திட்டமும் நடக்கிறது. பட்டியலில் எல்.இ.டி. திரை இருக்கிறது. வீட்டில் செல்போனைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு இங்கே இன்னொரு திரை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அதே பட்டியலில் ‘போஷண் வாடிகா’வும் இருக்கிறது. கீரையும் காயும் விளைவிக்க மையத்தை ஒட்டி ஒரு சிறு தோட்டம். சமையலுக்கு என்றுதான் அதை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பாத்தி பிடிப்பதும் விதை எண்ணுவதும் சிரட்டையில் நீர் அளந்து ஊற்றுவதும் நான்கு வயதுக் கைகள் செய்யக்கூடிய வேலைகள். இடமில்லாத வாடகை அறை என்றால் வாசற்படியில் ஒரு உடைந்த மண்சட்டி போதும். வெண்டை விதை ஊன்றினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். அதுவரை தினமும் மண்ணைக் கிளறிப் பார்க்காமல் காத்திருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.