நண்பர் பட்டியலில் இருக்கும் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்களில் பலர் உடனே செய்வது, பேஸ்புக் போன்ற சமூக தளம் ஒன்றில் அக்கவுண்ட் திறப்பதுதான். நாலைந்து நண்பர்களைச் சேர்த்தவுடன், "இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று தளமே சிலருடைய படங்களைக் காட்டுகிறது. அவர்களில் உங்களுடன் பள்ளியில் படித்தவர் இருக்கலாம். சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் கூட இருக்கலாம். நாம் சொல்லாதது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது என்று வியப்பாக இருக்கும். இதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் எளிய கூட்டலும் பெருக்கலும்தான். இதனைப் புரிந்து கொண்டால், எதை வெளியே காட்டலாம், எதை மறைக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

புள்ளியும் கோடும்

ஒவ்வொரு மனிதரையும் ஒரு புள்ளியாக வையுங்கள். இருவர் நண்பர்கள் என்றால் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஒரு கோடு போடுங்கள். இதுதான் நெட்வொர்க். இதற்கான கணிதத்தின் பெயர் கிராப் தியரி. 1736ஆம் ஆண்டில் ஆய்லர் என்ற கணித மேதை, கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றை ஒரே ஒரு முறை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்ற புதிரை ஆராய்ந்தார். முடியாது என்று நிரூபித்தார். நிலத்தின் அளவோ வடிவமோ முக்கியமில்லை; எது எதனுடன் இணைந்துள்ளது என்பது மட்டுமே போதும் என்பதுதான் அவர் காட்டிய வழி. மனித உறவுகளை இப்படிப் படமாக வரைவதை ஜேக்கப் மொரேனோ என்பவர் அமெரிக்காவில் 1934ல் வெளியிட்ட நூல் பிரபலப்படுத்தியது.

எக்ஸெலில் செய்து பார்க்கலாம்

குமார், செல்வி, ரவி, மேரி, அகமது என ஐந்து பேர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். குமாருக்குச் செல்வியும் ரவியும் நண்பர்கள். மேரிக்குச் செல்வி, ரவி, அகமது மூவரும் நண்பர்கள். வேறு நட்பு எதுவும் இல்லை.

எக்ஸெலில் ஐந்து வரிசை, ஐந்து நெடுவரிசை கொண்ட டேபிள் ஒன்றை அமைக்கவும். இருவர் நண்பர்கள் என்றால் அந்தக் கட்டத்தில் 1. இல்லை என்றால் 0. குமாரின் வரிசை 0, 1, 1, 0, 0 என்று வரும். மேரியின் வரிசை 0, 1, 1, 0, 1 என்று வரும். இரண்டையும் கட்டத்திற்குக் கட்டம் பெருக்கிக் கூட்டினால் விடை 2. அதாவது குமாருக்கும் மேரிக்கும் பொதுவான நண்பர்கள் இரண்டு பேர். அவர்கள் இருவரும் இன்னும் நண்பர்கள் ஆகவில்லை. எனவே மேரியைக் குமாருக்குப் பரிந்துரை செய்யலாம் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. குமாருக்கும் அகமதுவுக்கும் இதே கணக்கைப் போட்டால் 0 வரும். எனவே அகமது பின்னுக்குப் போய்விடுவார்.

டேபிள் முழுவதையும் அதே டேபிளால் பெருக்க எக்ஸெலில் ஒரு பங்ஷன் உண்டு. எம், எம், யு, எல், டி என்ற ஐந்து எழுத்துக்கள் அதன் பெயர். காலியான ஐந்துக்கு ஐந்து கட்டங்களைத் தேர்வு செய்து, சமக்குறியும் பங்ஷன் பெயரும் டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் டேபிளின் ரேஞ்சை இரண்டு முறை, நடுவில் காற்புள்ளியுடன் தரவும். பின் கண்ட்ரோல், ஷிப்ட், என்டர் கீகளைச் சேர்த்து அழுத்தவும். எல்லா ஜோடிகளின் பொது நண்பர் எண்ணிக்கையும் ஒரே நொடியில் கிடைக்கும். மூலைவிட்டத்தில் வருவது அவரவருடைய மொத்த நண்பர் எண்ணிக்கை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அகமதுவிடம் யார் போக வேண்டும் என்றாலும் மேரி வழியாகத்தான் போக வேண்டும். இப்படிப் பாலமாக இருப்பவரையும் கணக்கு கண்டுபிடித்துவிடும்.

சண்டையைச் சொன்ன கணக்கு

வேய்ன் ஸாக்கரி என்ற ஆய்வாளர் 1970 முதல் 1972 வரை ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கராத்தே கிளப்பைக் கவனித்து வந்தார். 34 பேர், அவர்களுக்குள் 78 நட்புக் கோடுகள். கட்டணம் தொடர்பாகப் பயிற்சியாளருக்கும் கிளப் தலைவருக்கும் தகராறு வந்து, கிளப் இரண்டாக உடைந்தது. கிளப்புக்கு வெளியே யார் யாருடன் எத்தனை வகையில் பழகினார்கள் என்பதை மட்டும் எண்களாக எடுத்துக் கொண்டு, இந்த வலையை எங்கே வெட்டினால் மிகச் சுலபமாக இரண்டாகும் என்று அவர் கணக்கிட்டார். 1977ல் வெளியான முடிவின்படி, 34 பேரில் 33 பேர் எந்தப் பக்கம் போனார்கள் என்பதைக் கணக்கு சரியாகச் சொன்னது. தவறிய ஒருவருக்குக் கருப்புப் பட்டைத் தேர்வுக்கு மூன்றே வாரங்கள் இருந்தன. அதனால் அவர் பயிற்சியாளருடன் போய்விட்டார். யாரிடமும் "நீங்கள் எந்தக் கட்சி" என்று கேட்கத் தேவைப்படவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

நமக்கு என்ன ஆபத்து?

உங்கள் நண்பர்களை வைத்தே உங்களைப் பற்றி ஊகிக்கலாம். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும், உங்கள் நண்பர் திறந்தால் போதும். கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா விவகாரம் 2018ல் வெளியானபோது உலகம் இதைப் பார்த்தது. பேஸ்புக்கில் ஒரு கேள்வி பதில் அப்ளிகேஷனை ஏற்றுக் கொண்டவர்கள் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஆனால் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை தகவல்கள் போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே கூறியது. மற்றவர்கள் செய்த "தவறு", அந்த அப்ளிகேஷனை ஏற்றவர்களின் நண்பர்களாக இருந்தது மட்டுமே. நண்பர்களின் தகவல்களை இப்படி அள்ளும் வசதியை பேஸ்புக் 2015ல் நிறுத்திவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் "நான் மட்டும்" என்று அமைக்கவும். பொதுவான நண்பர்கள் மட்டும் அப்போதும் மற்றவர்களுக்குத் தெரிவார்கள்.

2. போனில் உள்ள கான்டாக்ட்ஸ் பட்டியலைத் தளத்திற்கு அனுப்ப அனுமதி கேட்டால் மறுத்துவிடவும். அதில் இருப்பது உங்கள் நம்பர் மட்டுமல்ல. உங்கள் டாக்டர், வக்கீல், உறவினர் எல்லோருடைய நம்பர்களும்தான்.

3. "உங்கள் குணம் என்ன?" போன்ற கேள்வி பதில் விளையாட்டுகளில், அவை என்னென்ன அனுமதி கேட்கின்றன என்று படித்த பின்னரே ஓகே கிளிக் செய்யவும்.

4. பொது நண்பர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பதற்காக மட்டும், முன்பின் தெரியாதவரைச் சேர்க்க வேண்டாம். அந்தப் பத்துப் பேரும் இதே காரணத்தால் சேர்த்திருக்கலாம்.

இவற்றை எல்லாம் செய்தாலும், நீங்கள் போட்ட கோடுகள் தளத்தின் கம்ப்யூட்டர்களில் இருக்கத்தான் செய்யும். எனவே ஒருவரைச் சேர்க்கும் முன் சற்று யோசிப்பதே நல்ல பாதுகாப்பு.