வேரியாக்: வீட்டு மின்னழுத்தத்தை எவ்வளவு தூக்கும்?

குமிழைத் திருப்பி மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் மாறும் மின்மாற்றிக்குக் கடைகளில் வழங்கும் பெயர் வேரியாக். டிம்மர்ஸ்டாட் என்றும் கேட்பார்கள். வளையமான இரும்பு உள்ளகத்தின் மேல் செம்புக் கம்பி ஒற்றை அடுக்காகச் சுற்றப்பட்டிருக்கும். மேல்பக்கத்தில் எனாமல் நீக்கிய தடத்தின் மீது கார்பன் பிரஷ் நகரும். அது எந்தச் சுற்றில் நிற்கிறதோ, அதற்கேற்ற வோல்ட் வெளியே வரும். 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பாலிடெக்னிக் ஆய்வகங்களில் படித்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமானது.

சாதாரண மின்மாற்றியில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் உண்டு. இதில் ஒன்றுதான். செம்பும் இரும்பும் குறைவதால் விலையும் எடையும் குறைகின்றன. விசிறியின் பழைய ரெகுலேட்டரைப் போல மிச்ச மின்சாரத்தை வெப்பமாக்குவதில்லை. எலக்ட்ரானிக் டிம்மரைப் போல அலையை வெட்டுவதும் இல்லை.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே உள்ள மேல்விஷாரம் போன்ற ஊரில் இதற்குத் தேவை எப்படி எழுகிறது என்பதை மின்கம்பியிலிருந்தே பார்க்க வேண்டும். தெருவில் நிற்கும் விநியோக டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக்குகிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அது சுமார் 250 வோல்ட். அங்கிருந்து கம்பி நீள நீள, ஓடும் கரண்ட் கூடக் கூட, அழுத்தம் சரியும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் 245 வோல்ட் இருக்கும் அதே மாலையில் கடைசிக் கம்பத்து வீட்டில் 195 இருக்கலாம். தோல் பதனிடும் கூடத்தின் பெரிய மர டிரம்மைச் சுழற்றும் மோட்டார், நேரடியாக ஸ்டார்ட் செய்தால், வழக்கமான கரண்டைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதே லைனில் வீடுகள் இருந்தால் அந்த நொடியில் பல்பு மங்கும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்புக்கு 6 சதவீத ஏற்ற இறக்கத்தையே அனுமதித்தன. 240 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 226 முதல் 254 வரை.

அழுத்தம் குறைந்தால் எல்லாக் கருவியும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. எல்.இ.டி. டி.வி., செல்போன் சார்ஜர் ஆகியவற்றில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும். பின்பக்க லேபிளில் அது அச்சாகியிருக்கும். அவற்றுக்கு வேரியாக் வாங்குவது வீண் செலவு. 230 வோல்ட்டுக்கான 1,000 வாட் ஹீட்டர் 180 வோல்ட்டில் 612 வாட் மட்டுமே தரும்; தண்ணீர் சுட நேரமாகும், வேறு கெடுதல் இல்லை. மோட்டார்தான் உண்மையில் அவதிப்படுவது. இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசையும் அதே விகிதத்தில் 61 சதவீதமாகிவிடும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமி, சூடேறி நிற்கும். ஷூவின் மேல்பாகம் தைக்கும் சிறு ஜாப்-வொர்க் கூடத்தில், கிளட்ச் மோட்டார் வைத்த தையல் மெஷின் கனமான தோலில் திணறும்.

வாங்குவோர் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முகப்பில் 0–270 வோல்ட் என்று எழுதியிருப்பதால், வருவது எவ்வளவு குறைந்தாலும் 230-க்குத் தூக்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த 270 என்பது 240 வோல்ட் உள்ளே வரும்போது கிடைப்பது. கருவி தருவது விகிதம். அதிகபட்சம் ஒன்றேகால் மடங்குகூட இல்லை, 1.125 மடங்குதான். 200 வோல்ட் வந்தால் 225 கிடைக்கும், அது போதும். 180 வந்தால் 202-க்கு மேல் ஏறாது. 160 வந்தால் 180.

அதைவிட ஆழமான தாழ்வுக்கு வேறு வழி உண்டு. 240 வோல்ட்டை 48 ஆக்கும் ஒரு மின்மாற்றிக்கு வேரியாக்கின் வெளியீட்டைக் கொடுத்து, அந்த 48 வோல்ட் சுற்றை லைனுடன் தொடராக இணைப்பார்கள். 180 வோல்ட் 220 வரை உயரும். 20 ஆம்பியர் சுமைக்கு வேரியாக் வழியே 4 ஆம்பியர் ஓடினால் போதும். கடையில் விற்கும் சர்வோ ஸ்டெபிலைசரின் உள்ளே இருப்பது பொதுவாக இதே ஏற்பாடுதான். அதில் குமிழைத் திருப்புவது ஒரு சிறு மோட்டார்.

அந்த மோட்டார் செய்யும் வேலையைக் கையால் செய்வதில்தான் மலிவு வேரியாக்கின் ஆபத்து இருக்கிறது. மாலை 200 வோல்ட்டுக்காக முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு உறங்கப் போனால், இரவில் ஊர்ச் சுமை குறைந்து லைன் 245-க்கு ஏறும்போது வீட்டுக்குள் 275 வோல்ட் பாயும். எனவே பக்கத்தில் ஆள் இருந்து பயன்படுத்தும் கருவிக்கே இது ஏற்றது: தையல் மெஷின், கிரைண்டர், பழுதுபார்க்கும் மேசை. பழைய வால்வு ரேடியோவை வெகுநாள் கழித்து மெல்ல உயிர்ப்பிக்க இதைப் போல உதவும் கருவி வேறில்லை. இரவெல்லாம் ஓடும் ஃபிரிட்ஜுக்கு ஓவர்-வோல்டேஜ் கட்-ஆஃப் உள்ள தானியங்கி ஸ்டெபிலைசரே சரி.

ஒற்றைச் சுற்று என்பதால் உள்ளே வரும் லைனிலிருந்து இது எந்தப் பிரிப்பும் தருவதில்லை. 30 வோல்ட்டில் வைத்திருப்பதால் தொடலாம் என்று எண்ணக் கூடாது. பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலோ, உள்ளே வரும் நியூட்ரல் அறுந்தாலோ, வெளியீட்டு முனைகள் இரண்டிலும் ஆளைக் கொல்லும் அழுத்தம் நிற்கும். வீட்டில் ஒரு பல்பு மங்கி இன்னொன்று கண்ணைக் கூசும்படி எரிந்தால், தெரு நியூட்ரல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். வேரியாக்கைத் தொடவே கூடாது.

ஃபியூஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். 10 ஆம்பியர் வேரியாக்கை 24 வோல்ட்டில் வைத்து 20 ஆம்பியர் இழுத்தால், உள்ளீட்டில் 2 ஆம்பியர் அளவே ஓடும். அங்குள்ள ஃபியூஸ் எதையும் உணராது, பிரஷ் கருகிவிடும். ஆகவே வெளியீட்டுப் பக்கம் தனி ஃபியூஸ் கட்டாயம். சுவிட்ச் போட்டதும் எம்.சி.பி. விழுந்தால் அது பெரும்பாலும் உள்ளகம் காந்தமேறும்போது பாயும் திடீர் கரண்ட். குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலும் அது குறையாது. பி வகைக்குப் பதில் சி வகை எம்.சி.பி. மாட்டினால் பொதுவாகத் தீரும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய வேரியாக் வாங்குவோர் மூடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. செம்புத் தடத்தில் கருகிய புள்ளிகள் இருக்கக் கூடாது. பிரஷின் ஸ்பிரிங் அழுத்தமாகப் பிடித்திருக்க வேண்டும். குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பும்போது மீட்டர் முள் எங்கும் துள்ளாமல் ஏற வேண்டும். எர்த் முனை இல்லாத இரும்புப் பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.