மெதுவாக வருபவரின் வேகம்



54 வயதில் ஒரு பங்குத்தந்தை அதிகாலையில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரையில் ஓடினால், பார்ப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். “உனக்கு ஏன் இந்த வேலை?” என்று என் அக்காவே கேட்டார்கள். மருத்துவர் சொன்னதால்தான் தொடங்கினேன். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார். தனியாக இரண்டுமுறை முயன்று, இரண்டுமுறையும் ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன். பிறகு பங்கைச் சேர்ந்த மூவர் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் ரயில்வேயில் ஓய்வுபெற்ற அண்ணன், ஒருவர் பள்ளி ஆசிரியர், இன்னொருவர் ஆட்டோ ஓட்டும் தம்பி. கடந்த ஜனவரியில் நாங்கள் நால்வரும் சென்னையில் எங்கள் முதல் அரை மாரத்தானை ஓடி முடித்தோம். அதில் கற்றதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முழு மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-இல் அதுவே நிலையான அளவாயிற்று. அதில் பாதி, ஏறத்தாழ 21.1 கிலோமீட்டர், அரை மாரத்தான். இந்தத் தூரத்தைக் கேட்டு மலைக்க வேண்டாம். எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். சீடர் இருவர் அங்கே போய்ச் சேர்ந்து, அன்றிரவே திரும்பி வந்தார்கள். போக வர 22 கிலோமீட்டர்! அவர்கள் ஓடவில்லை, நடந்தார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள் என்பதை மறக்கவேண்டாம். நீண்ட தூரம் ஓடக் கற்பவர்களுக்கு முதல் பாடமே இந்தப் பேச்சுதான்.

எந்த வேகத்தில் ஓடுவது? பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், வேகம் அதிகம் என்று பொருள். நிதானமாக ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய பிராணவாயு கிடைக்கிறது. உடல் தன் கொழுப்பையும் சர்க்கரையையும் சேர்த்தே எரிக்கிறது. வேகம் கூடினால், தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரை சீக்கிரம் கரைந்துபோகிறது. பிறகு கால் எழும்பாது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, பேச ஒரு துணை இருந்தால் போதும்.

நாங்கள் ஐந்து மாதம் பயிற்சி செய்தோம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், மற்ற நாட்களில் நடை அல்லது ஓய்வு. முதல் மாதம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஞாயிறு எனக்குத் திருப்பலிகள் உண்டு என்பதால் சனிக்கிழமைதோறும் நீண்ட ஓட்டம். 4 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றுக்குமேல் கூட்டாமல் 18 வரை வந்தோம். ஓய்வு நாளில் சோம்பல் என்று நினைக்கக்கூடாது. தேய்ந்த தசை பலப்படுவது அந்த நாளில்தான்.

இனி ஒரு குற்றத்தைச் சொல்லவேண்டும். அது என் குற்றம்.

14 கிலோமீட்டர் ஓடிய ஒரு சனிக்கிழமை. ரயில்வே அண்ணன் பின்தங்கினார். “நீங்க போங்க ஃபாதர், நான் மெதுவா வர்றேன்” என்றார். எனக்கு அன்று கால் நன்றாக இருந்தது. நேரத்தைக் குறைத்துப் பார்க்க ஆசை. சரி என்று முன்னே போய்விட்டேன். மற்ற இருவரும் என் பின்னாலேயே வந்தார்கள். முடித்துவிட்டு வெகுநேரம் நின்றும் அவர் வரவில்லை. திரும்பிப் போய்த் தேடினோம். ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சரியாகப் பதில் இல்லை. டீக்கடைக்காரர் ஒருவர் சர்க்கரை கூடுதலாகப் போட்ட டீயை அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நீண்ட ஓட்டத்தில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக ஓடக்கூடாது.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. “உங்களை நம்பித்தானே ஃபாதர் அனுப்புனேன்” என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் முதல் எங்களுக்கு ஒரே சட்டம்: நால்வரில் மெதுவாக வருபவரின் வேகமே நால்வரின் வேகம். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போனவர்களுக்கு இது புதிதல்ல. காலில் கொப்புளம் வந்தவரை விட்டுவிட்டு எந்தக் குழுவும் போவதில்லை.

துணை என்பது பலவீனர்களுக்கு மட்டும்தான் என்று எண்ணவேண்டாம். கென்யாவின் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் முழு மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடினார். இரண்டு மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடி முடித்த முதல் மனிதர் அவர். அன்று 41 ஓட்டக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அவரைச் சூழ்ந்து ஓடி, காற்றைத் தடுத்து, வேகத்தைக் காத்துக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய வீரருக்கே 41 பேர் தேவைப்பட்டார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

ஓட்டம் ஞாயிறு அதிகாலை. காலைத் திருப்பலியை உதவிப் பங்குத்தந்தை பார்த்துக்கொண்டார். பழகிய காலணி, பழகிய உணவு. அன்றைக்கென்று புதிதாக எதுவும் இல்லை. ஜனவரியானாலும் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது, உடம்பு சூடேறும். ஆகவே தொடக்கத்தில் எல்லாரும் முந்திக்கொண்டு போனபோது நாங்கள் வேண்டுமென்றே மெதுவாகவே ஓடினோம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தோம். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து, அதுவும் ஆபத்தாகும்.

16-ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு அல்ல, எனக்கு. “நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்” என்று என் வாயே சொன்னது. சொல்லும்போதுதான் புரிந்தது, அந்த வார்த்தைக்கு ‘போங்கள்’ என்பது பொருளல்ல. உங்களுக்குப் பாரமாக இருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதே பொருள். அண்ணன் எதுவும் பேசவில்லை. குனிந்து என் காலை நீவிவிட்டார். மீதித் தூரத்தில் பெரும்பகுதியை நால்வரும் நடந்தோம். 3 மணி 11 நிமிடத்தில் முடித்தோம். நான் ஆசைப்பட்ட நேரம் இரண்டரை மணி.

அன்று மாலைத் திருப்பலியில் பீடத்தின் படியிறங்க நான் பட்ட பாட்டைப் பார்த்து எங்கள் பீடச் சிறுவர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்!

அன்பார்ந்தவர்களே, ஓட வேண்டும் என்று உங்களுக்கு விருப்பமானால், முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு இரண்டு நண்பர்களைத் தேடுங்கள். காலணி வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. ஓட விருப்பமில்லாதவர்கள் இந்த வாரம் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், முழங்கால் வலிக்கிற அம்மாவோ, பாடத்தில் பின்தங்கிய பிள்ளையோ, வேலையிழந்த தம்பியோ. “நீங்க போங்க, நான் வர்றேன்” என்று அவர் சொல்வார். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சற்று நில்லுங்கள்.