உண்டபின் போடும் முறுக்கான்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் பெரியோர். அச்செல்வத்தை அழிக்கும் புற்றுநோய் விதியால் வருவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் நாள்தோறும் நாம் வாயில் இடும் பொருள்களுக்கும் அந்நோய்க்கும் உள்ள உறவை அறிவியல் கண்டறிந்துள்ளது.

நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டில் குறை காண்பதற்கில்லை. பயறு, கீரை, அவியல் ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்து பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். பூஞ்சை பிடித்த கடலையையும் கொப்பரையையும் மட்டும் விலக்க வேண்டும். அப்பூஞ்சையின் நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும். ஆயினும் நமக்குப் பெருங்கேடு, உண்டு எழுந்தபின் போடும் முறுக்கானிலேதான் இருக்கிறது.

இதனை உலகுக்கு எடுத்துரைத்ததில் நம் நெய்யூருக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாத செய்தி. 1838-இல் தோன்றிய அவ்வூர் மிஷன் மருத்துவமனையில், எவரெஸ்ட் ஏறச் சென்ற புகழ்பெற்ற டாக்டர் சாமர்வெல் பணியாற்றினார். அங்கே பணிபுரிந்த மற்றொரு மருத்துவரான ஆர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அன்று நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது.

முறுக்கான் செய்யும் தீங்கு எத்தகையது? பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள், சுண்ணாம்பின் காரம், புகையிலையின் நஞ்சு ஆகிய மூன்றும் கூடி வாயின் மெல்லிய தோலை நாள்தோறும் புண்படுத்துகின்றன. கன்னத்தில் அடக்கி வைக்கும் இடத்திலேயே பெரும்பாலும் நோய் தோன்றுகிறது. "நான் புகையிலை சேர்ப்பதில்லையே!" என்பார் சிலர். பாக்கு மட்டுமே போதும், புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் தெளிவாக்கிவிட்டது.

எங்கள் ஆச்சியும் முறுக்கான் போடுபவர்தான். அவர்களிடம் சொல்வதற்காகவே இவற்றைத் திரட்டினேன். அறுபது ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் விடுவது எளிதன்று. ஆனால் வாயைச் சோதித்துக் கொள்வது எளிது. ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை அகலத் திறக்க இயலாமை ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். அண்டையிலுள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில் இவ்வாறு வாய்ச்சோதனை செய்ததால், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்ததென 2005-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நண்பர்களே, தாம்பூலத் தட்டு மங்கலத்தின் அடையாளமாக மணப்பந்தலில் இருக்கட்டும். நம் வாய்க்கு அது வேண்டாம். இன்று மாலையே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வருமுன் காப்போம்!