ஊருக்குப் புறப்படும் முன் ஒரு திருகு

மே மாத விடுமுறை வந்தால் நம்மில் பலரும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். கேஸை மூடுகிறோம், மெயின் ஸ்விட்சை அணைக்கிறோம், பால்காரரிடம் சொல்கிறோம். கழிவறைத் தொட்டிக்குத் தண்ணீர் போகும் முழ நீளக் குழாய் மட்டும் யார் நினைவுக்கும் வருவதில்லை.

மும்பையில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் நடந்தது இது. மூன்றாவது மாடிக் குடும்பம் ஊருக்குப் போன நாலாம் நாள், அவர்கள் வீட்டு பிளஷ் தொட்டியின் கனெக்‌ஷன் பைப் இரவில் வெடித்துவிட்டது. காலையில் மொட்டை மாடித் தொட்டி காலி. பதினாறு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. கீழ் வீட்டில் பெண்ணின் கல்யாணத்துக்காக வாங்கி வைத்திருந்த புடவைகள் அலமாரியோடு நனைந்து போயின. இரண்டு குடும்பங்களும் பத்து வருடமாகப் பண்டிகைப் பலகாரம் பரிமாறிக்கொண்டவர்கள். அதற்குப் பிறகு லிஃப்டில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ரயில்வே ஒர்க்ஸ் பிரிவில் காலனி குவார்ட்டர்ஸ் பராமரிப்பைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். பிளம்பரைக் கூப்பிட்டாலும், அவர் செய்வது சரியா என்று பார்த்துக்கொள்ள இவை உதவும்.

முதலில் அழுத்தம். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் இருக்கும். அதனால் மேல் மாடியில் ஒழுகாத வாஷர் தரைத்தளத்தில் ஒழுகலாம். இரவில் யாரும் குழாயைத் திறக்காதபோது அழுத்தம் முழுவதும் பைப்பின் மேல் நிற்கும்.

அடுத்து, பைப் வாங்குவது. சுவரிலுள்ள ஆங்கிள் காக்கிலிருந்து தொட்டியின் வாய் வரை அளந்துகொண்டு, 18 அங்குலமா 24 அங்குலமா என்று கேட்டு வாங்குங்கள். இழுத்துப் பிடித்தாலும் மடித்துச் சொருகினாலும் பைப்புக்கு ஆயுள் குறைவு. மெல்லிய பிளாஸ்டிக் பைப்பைவிட, பித்தளை நட்டும் மேலே எஃகுப் பின்னலும் உள்ளது நீடித்து உழைக்கும்.

இனி வேலை. மெயின் வால்வை மூடிவிட்டுப் பழைய பைப்பைக் கழற்றுங்கள். ஆங்கிள் காக்கையும் மாற்றுவதானால், சுவருக்குள் போகும் மரையில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே பத்துச் சுற்று வரை இறுக்கிச் சுற்றுங்கள். முறுக்கி ஏற்றியபின் நேராக்குவதற்காகப் பின்னோக்கித் திருப்பக் கூடாது, டேப் விட்டுக்கொடுத்துவிடும்.

பைப்பை மாட்டுமுன் காக்கின் வாயில் ஒரு பக்கெட்டைப் பிடித்து அரை நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். பலரும் விட்டுவிடும் காரியம் இது. குழாயிலுள்ள மணலும் டேப் துணுக்கும் மிதவை வால்வில் போய் உட்கார்ந்தால், தொட்டி நிரம்பியும் தண்ணீர் நிற்காது.

பைப்பின் இரு முனை நட்டுகளிலும் ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரை அடைப்பது அதுதான். அங்கே டேப் வேண்டாம். கையால் முடிந்தவரை திருகி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று. அதற்கு மேல் பலம் காட்டினால் தொட்டியின் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும். இன்று ஒழுகாது, ஆறு மாதம் கழித்து ஒழுகும். நட்டை இறுக்கும்போது இன்னொரு கை தொட்டிக்குள் வால்வைப் பிடித்திருக்கட்டும். இல்லையென்றால் வால்வும் சேர்ந்து திரும்பி, மிதவை சுவரில் உரசும்.

காக்கை மெதுவாகத் திறந்து, கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். மறுநாள் காலையிலும் தாள் காய்ந்திருந்தால் வேலை சரி. விநாடிக்கு ஒரு சொட்டுதானே என்று விடவேண்டாம். மில்லி லிட்டருக்கு 20 சொட்டு என்று கணக்கிட்டாலும் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் ஆகிறது. தொட்டிக்குள்ளேயே கசிவு உண்டா என்று பார்க்க, நாலு சொட்டுத் துணி நீலம் விட்டு அரை மணி பிளஷ் செய்யாதிருங்கள். பேசினில் நீலம் தெரிந்தால் அடி வாஷரை மாற்றவேண்டும்.

இத்தனையும் செய்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. ஆகவே ஊருக்குக் கிளம்பும் நாளில் ஆங்கிள் காக்கை வலப்புறமாகத் திருகி மூடுங்கள். மெயின் வால்வையும் மூட முடிந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை காக்கை மூடித் திறந்து பழக்கிவையுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் அது இறுகிப்போய், அவசரத்துக்குத் திரும்பாது. வீட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது இருக்கும் இடத்தைக் காட்டிவையுங்கள். தண்ணீர் பீறிடும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.